வாள் பயின்ற கை வாய்க்கால் வகுத்தது: சர் ஆர்தர் காட்டன்

படைப் பொறியியல் என்றதும் நம் மனக்கண்முன் கோட்டைகளும் அகழிகளும் வெடிமருந்துக் கிடங்குகளும் தோன்றுகின்றன. பகைவன் மதிலைத் தகர்க்கச் சுரங்கம் தோண்டுவது, படை கடந்து செல்ல ஒரே இரவில் ஆற்றுக்குப் பாலமிடுவது, அறியாத நிலத்தை அளந்து படம் வரைவது ஆகியவையே இக்கலையின் தொழில்கள். அழிவுக்குத் துணைபோகும் அறிவு என்று இதனை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆயின், இதே அறிவு உழவனின் வயலுக்கு வந்து சேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதனை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் நின்று ஆற்றைப் பார்த்தாலே போதும். அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே அணையெழுப்பிய சர் ஆர்தர் காட்டன் ஒரு படைவீரர். சென்னைப் பொறியாளர் படையின் அலுவலர். அவருடைய வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு ஆண்மக்கள் பிறந்த பெருங்குடும்பத்தில் அவர் பத்தாமவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு வேண்டிய பொறியாளர்களையும் பீரங்கி அலுவலர்களையும் உருவாக்குவதற்காக அடிஸ்கோம் என்னுமிடத்தில் ஒரு படைக்கல்லூரியை நடத்தி வந்தது. பதினைந்து வயதில் காட்டன் அங்கே சேர்ந்தார். கணிதம், நில அளவை, அரண் அமைப்பு, வரைபடம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. 1819இல், பதினாறு வயது இளைஞராக, சென்னைப் பொறியாளர் படையில் அலுவலர் பதவி பெற்றார். வேல்ஸ் நாட்டுப் பாங்கரில் நில அளவைப் பணியில் சிறிதுகாலம் பயின்றபின் 1821இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு தென்மாவட்டங்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளைக் கவனிக்கும் துறையில் அவர் அமர்த்தப்பட்டார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாம்பன் நீர்வழியை அளந்தாராயும் பணியும் அவரிடம் வந்தது. 1824இல் முதல் பர்மியப் போர் மூண்டபோது களத்துக்கு அனுப்பப்பட்டார். கோட்டைகளைத் தாக்கும் படைகளோடு சென்று, சதுப்பு நிலத்திலும் பெருமழையிலும் கிடைத்த பொருளைக்கொண்டு வழியமைக்கும் கலையை அங்கே நேரில் கற்றார். 1826இல் போர் முடிந்ததும் மீண்டும் நீர்ப்பணிக்குத் திரும்பினார். குறைந்த காலம், குறைந்த பொருள், நிலையில்லாத நிலம் என்னும் மூன்று நெருக்கடிக்குள் வேலையை முடிப்பதே போர்க்களப் பொறியாளனின் பயிற்சி. அந்தப் பயிற்சி காவிரிக்கரையில் அவருக்குக் கைகொடுத்தது.

காவிரியின் நோய்

1820களின் இறுதியில் காவிரிப் பணிகள் காட்டனின் பொறுப்புக்கு வந்தன. அப்போது தஞ்சைத் தரணி பெரும் கவலையில் இருந்தது. காரணத்தை நாம் சற்று விரிவாகக் காணவேண்டும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் செல்லும் கிளை கொள்ளிடம். தென்பால் செல்லும் கிளை காவிரி என்ற பெயரையே தாங்கி வயல்களை நோக்கி நடக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கொள்ளிடம் கடலை நோக்கி நேராகச் செல்வது. எனவே அதன் சரிவு மிகுதி. காவிரியோ மெல்ல நடப்பது. மெல்ல நடக்கும் நீர் தான் சுமந்துவரும் மணலை வழியிலேயே இறக்கிவிடும். ஆண்டுதோறும் காவிரியின் படுகை மேடிட, கொள்ளிடம் ஆழமாயிற்று. மேடான வழியை விட்டுப் பள்ளமான வழியை நாடுவது நீரின் இயல்பன்றோ? வயலுக்குச் செல்லவேண்டிய நீர் கொள்ளிடம் வழியே வீணே கடலைச் சேர்ந்தது. மணலை அள்ளியும் கரையை உயர்த்தியும் மக்கள் போராடினர். ஆயினும் ஒவ்வொரு வெள்ளமும் புதிய மணலைக் கொணர்ந்து அவ்வுழைப்பை மூடிவிட்டது. இந்நிலை நீடித்திருப்பின் தஞ்சையின் நெற்களஞ்சியம் என்ற பெயர் ஏட்டளவில் நின்றிருக்கும்.

ஆசானாய் அமைந்த கல்லணை

திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில், காவிரி மீண்டும் கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் தடுத்து நிற்பது கல்லணை. சோழன் கரிகாலன் கட்டியதாக மரபு போற்றும் அவ்வணை, ஏறத்தாழ 1,080 அடி நீளமுடையது. பாம்புபோல் வளைந்து செல்வது. காட்டன் காலத்துக்கு முன்னரே, சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கால்டுவெல் என்னும் அலுவலர் காவிரியை ஆராய்ந்திருந்தார். காட்டன் 1830ஆம் ஆண்டளவில் கல்லணையின் உடலில் மணல் போக்கிகளை அமைத்தார். அதற்காக அணையை வெட்டியபோது அதன் உள்ளமைப்பு வெளிப்பட்டது.

ஆற்றுமணலில் எத்தனை அடி தோண்டினும் பாறை தென்படாத இடம் அது. அத்தகைய இடத்தில் பெரிய அணை நிற்கவியலாது என்பதே அன்றைய ஐரோப்பியப் பொறியாளர் பலரின் எண்ணம். ஆயினும் கல்லணை நூற்றாண்டுகளாய் நின்றது. கரடுமுரடான கற்களைக் களிமண்ணோடு அடுக்கி, மேலே கல்லும் சுண்ணக்காரையும் கொண்டு மூடிய எளிய அமைப்பு அது. பெருங்கற்கள் தம் எடையால் மணலில் இறங்கும். அடியில் மணல் அரிக்க அரிக்க அவை மேலும் இறங்கும். மேலே மீண்டும் கற்களை இட்டால் ஒரு நிலையில் அவை அசையாது உறுதிப்படும். ஆற்றை எதிர்த்துப் பாறையைத் தேடாமல், மணலையே அடித்தளமாக்கும் இந்நுட்பத்தைக் காட்டன் உற்றுநோக்கிக் கற்றார்.

வென்ற நாட்டின் அலுவலர், தோற்ற நாட்டின் பழங்கட்டடத்தின்முன் மாணவராக நிற்பது எளிதன்று. அடக்குமுறையும் ஆணவமும் மிக்க ஓர் ஆட்சியின் ஊழியராக இருந்தும், மணல்மீது அடித்தளமிடும் வித்தையைத் தம் துறையினர் கற்றது பெயர் தெரியாத இந்நாட்டுக் கட்டுநரிடமிருந்தே என்பதைக் காட்டன் மறைக்கவில்லை. பின்னாளில் அதனை எழுத்திலும் பதிவுசெய்தார். அவர் வாழ்வில் நாம் முதன்மையாகப் போற்றுவது இப்பண்பையே.

மேலணையும் கீழணையும்

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்தும் தெளிவாயிற்று. கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், தாழ்வான ஓர் அணையெழுப்பினால் நாட்பட்ட நீர் காவிரிக்குத் திரும்பும். பெருவெள்ளம் வரும்போது அணையின்மேல் வழிந்து கொள்ளிடத்தில் செல்லும். நீரை முற்றிலும் மறிக்காமல் பங்கிடுவதே அதன் நோக்கம். 1836இல் அம்மேலணை கட்டப்பட்டது. ஏறத்தாழ 750 கெஜ நீளமும் ஏழடி உயரமும் கொண்ட செங்கற்சுவர், ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகளின்மீது நின்றது. கீழ்ப்புறத்தில் விழும் நீர் அடித்தளத்தை அரிக்காதிருக்கக் கல்தளம் பரப்பப்பட்டது. மேடிடும் மணலை வெள்ளத்தோடு தள்ளிவிடுவதற்கு மதகுகள் அமைக்கப்பட்டன.

அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், இன்று அணைக்கரை என நாம் வழங்கும் இடத்தில், கீழணையும் எழுந்தது. மேலணையைத் தாண்டிவரும் வெள்ளநீரையும் வீணாக்காமல் மீண்டும் தடுத்துக் கால்வாய்களில் செலுத்துவதற்காக அமைந்தது அது. வடவாற்றின் வழியே வீராணம் ஏரியும் அங்கிருந்தே நீர் பெறுகின்றது. 2004ஆம் ஆண்டுமுதல் வீராணத்து நீர் சென்னை மாநகரின் குடிநீராகவும் செல்கின்றது. 1836இல் வயலை எண்ணிக் கட்டிய அணை, ஒன்றரை நூற்றாண்டு கடந்து மாநகரின் தாகத்தையும் தணிப்பதை எண்ணி நாம் வியக்கிறோம்.

மருந்தின் மறுவிளைவு

இவ்விடத்தில் வரலாற்றை முழுமையாகச் சொல்வதே முறை. மேலணை தன் பணியை அளவுக்கு மிஞ்சிச் செய்தது. காவிரிக்குள் பாய்ந்த மிகுநீர் அதன் தலைப்பை அரித்து ஆழமாக்கியது. முன்பு நீரின்றி வாடிய தஞ்சைக்கு, இப்போது வெள்ளம் புகுந்துவிடுமோ என்னும் அச்சம் தோன்றிற்று. எனவே 1840களில் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஓர் அமைப்பைக் கட்டிப் படுகையின் மட்டத்தைக் காக்க வேண்டியதாயிற்று. ஆறு உயிருள்ள பொருள் போன்றது. ஓரிடத்தில் கைவைத்தால் மற்றோரிடத்தில் அது விடை சொல்லும். கணக்கு எத்துணை நுட்பமாயினும் ஆற்றின் விடையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பணிவு வேண்டும் என்பதே நீர்ப் பொறியியலின் முதற்பாடம்.

அப்பாடம் இன்றும் பழமையாகவில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், வெள்ளப்பெருக்கின்போது முக்கொம்பில் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அதன்பின் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. அணையைக் கட்டுவது ஒரு தலைமுறையின் பணி. காப்பது எல்லாத் தலைமுறைகளின் பணி என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது.

கோதாவரிக்கு வந்த விடிவு

காவிரிப் பணிக்குப்பின் உடல்நலங் குன்றிய காட்டன் விடுப்பில் சென்றார். 1841இல் திருமணம் புரிந்துகொண்டார். மீண்டும் மாகாணத்துக்கு வந்தபோது கோதாவரிக் கரையில் அவலம் காத்திருந்தது. வற்றாத பேராறு ஓடும் இராஜமுந்திரி மாவட்டத்தில் மக்கள் பசியால் மடிந்தனர். 1833ஆம் ஆண்டையொட்டிய கொடும்பஞ்சமும், 1839இன் புயலும், அரசின் புறக்கணிப்பும் சேர்ந்து அம்மாவட்டத்தைச் சிதைத்தன. 1821இல் ஏறத்தாழ 7,38,000ஆக இருந்த மக்கள்தொகை 1841இல் ஏறத்தாழ 5,61,000ஆகக் குறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் நால்வரில் ஒருவர் குறைந்தனர் என்னும் இக்கணக்கு எப்போரின் இழப்புக் கணக்குக்கும் இளைத்ததன்று.

காட்டன் ஆற்றையும் நிலத்தையும் அளந்து, 1840களின் நடுவில் தம் திட்டத்தை அரசின்முன் வைத்தார். இசைவு கிடைத்ததும் 1847இல் தவளேசுவரத்தில் பணி தொடங்கிற்று. தீவுகளால் பிரிக்கப்பட்ட நான்கு கிளைகளின் குறுக்கே, மொத்தம் இரண்டு மைலுக்கும் மேலான நீளத்தில் அணை எழுந்தது. அருகிலிருந்த குன்றிலிருந்து கற்கள் வெட்டப்பட்டு, தண்டவாள வண்டிகளிலும் படகுகளிலும் கொணரப்பட்டன. காவிரியில் கற்ற அதே பாடம் இங்கே பெரிய அளவில் பயன்பட்டது. மணலில் இறக்கிய கிணறுகள் மேற்சுவரைத் தாங்கின; அள்ளிக் கொட்டிய பெருங்கற்கள் அரிப்பைத் தடுத்தன. உள்ளூரைச் சேர்ந்த வீரண்ணா என்பார் தொழிலாளரைத் திரட்டி நடத்துவதில் காட்டனுக்கு வலக்கையாய் விளங்கினார். 1852இல் அணை நிறைவெய்தியது. கால்வாய்கள் நீர்ப்பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஒருங்கே பயன்பட்டன. பஞ்ச மாவட்டம் எனப் பெயர்பெற்ற நிலம் நெல்விளையும் நிலமாயிற்று. தொடர்ந்து விசயவாடையில் கிருட்டிணையின் குறுக்கேயும் கேப்டன் ஓர் என்பாரின் பொறுப்பில் அணை எழுந்தது.

இப்பணிகளால் கம்பெனியின் வரி வருவாயும் உயர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. வருவாய் கிட்டும் என்று காட்டியே காட்டன் இசைவு பெறவேண்டியிருந்தது. கல் சுமந்த ஆயிரமாயிரம் கூலியாட்களின் பெயர்களை எந்தப் பலகையும் தாங்கவில்லை. ஆட்சியின் நோக்கம் எதுவாயினும், நீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல் பசித்த வயிற்றை எட்டியது என்பதும் உண்மையே.

வாதமும் தோல்வியும்

1861இல் காட்டனுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. தாயகம் திரும்பியபின்னும் அவர் ஓயவில்லை. இந்தியாவுக்கு இருப்புப்பாதையைவிட நீர்வழியே முதலில் வேண்டும். கால்வாய் வயலுக்கு நீரும் தரும், சரக்கையும் மலிவாகச் சுமக்கும் என்று இடைவிடாது வாதிட்டார். ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்கும் கனவும் அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் கருத்தையொட்டித் தொடங்கப்பட்ட கர்நூல்-கடப்பைக் கால்வாய், முதலீடு செய்த நிறுவனத்துக்குப் பெருநட்டத்தையே தந்தது. 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் கடும் விசாரணைக்கு உள்ளானார். கழிமுகச் சமவெளிக்குப் பொருந்திய முறை வறண்ட மேட்டுநிலத்துக்கு அப்படியே பொருந்தவில்லை. பெரியோரின் வெற்றியைப் போலவே தோல்வியும் ஆராய்ச்சிக்குரியதே.

முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்த அவர், நிலத்தை ஆழக் கிளறிப் பயிரிடும் முறையைத் தம் தோட்டத்தில் ஆய்வு செய்துவந்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் மகள் ஹோப் சீமாட்டி தந்தையின் வரலாற்றை நூலாக்கினார். கோதாவரிக் கரை உழவர் அவருக்குச் சிலையெடுத்துப் போற்றுகின்றனர். பழைய அணைக்கு மாற்றாகப் பின்னாளில் எழுந்த பெரிய கதவணையும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நாம் கொள்ளும் பாடம்

அளவைக்கோல் கோட்டையையும் அளக்கும், வயலையும் அளக்கும். வெடிமருந்து மதிலையும் பிளக்கும், கால்வாய்க்குக் குறுக்கே நிற்கும் பாறையையும் பிளக்கும். கருவி தன் திசையைத் தானே தேர்வதில்லை, ஏந்துபவனே தேர்கிறான். காட்டன் போர்க்களத்தில் கற்றதைப் பசியை எதிர்த்துத் திருப்பினார்; அதற்கு வழிகாட்டியாகப் பெயரறியாப் பழந்தமிழ்க் கட்டுநரை ஏற்றார். அறிவியல் பயிலும் நம் மாணவர்க்கு இவ்விரண்டும் உரியன. கற்ற கலையை மக்கள் வாழ்வுக்கு ஆக்குவோமாக. கற்பிப்பவர் எவராயினும், அவர் எழுதிவைத்தது கல்லிலே ஆயினும், பணிந்து கற்போமாக. அடுத்தமுறை கல்லணையின்மீது நடக்கும்போது, நம் காலடியிலிருப்பது வெறும் பழங்கல்லன்று, கோதாவரி வரை சென்று பசியாற்றிய பாடநூல் என்பதை நினைவிற் கொள்வோமாக.