கால்டுவெல் ஐயரும் ‘வா’ என்னும் வினைச்சொல்லும்

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் வேலைநேரம் மாறும் மாலைப்பொழுதில் சற்றே நின்று செவிமடுப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். தமிழரும் மலையாளியரும் தம் தோழரை ‘வா’ என்றழைக்க, கன்னடர் பகரத்தை மெலித்தொலித்து ‘பா’ என்பர். தெலுங்கர் ‘ரா’ என்பர். இவ்வழைப்புகள் யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பதைச் சான்றுகளோடு உலகறியச் செய்த பெருமகனார் இராபர்ட்டு கால்டுவெல் ஆவார்.

அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிறந்த அவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் சாண்டுபோர்டின் விரிவுரைகளால் ஒப்பிலக்கணத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1838இல் சென்னை வந்து தமிழ் கற்றார். 1841இல் நெல்லைச் சீமைக்கு நடந்தே சென்று, தேரிமணல் சூழ்ந்த இடையன்குடியைத் தம் வாழிடமாகக் கொண்டார்.

அக்காலத்தில் தென்னாட்டு மொழிகள் யாவும் வடமொழியினின்று பிறந்தனவே என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியிருந்தது. இரவல் சொற்கள் எம்மொழியிலும் புகும். ஆனால் வேர்ச்சொற்களும் வினை விகுதிகளும் எளிதில் இரவலாக வாரா என்பதை உணர்ந்த கால்டுவெல், ஆராய்ச்சியை அங்கே தொடங்கினார். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவ்வுழைப்பின் கனியாகும். அதன் திருத்திய பதிப்பு 1875இல் வெளிவந்தது.

அவர் வகுத்த நெறியை ‘வா’ என்னும் சொல்லிலேயே காணலாம். தமிழின் வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கம். வில் ‘பில்லு’ ஆவதுபோல் வரு ‘பரு’ ஆயிற்று. தெலுங்கில் எழுத்துகள் இடம் மாறும். உரல் ‘ரோலு’ ஆனதுபோல் வகரம் தேய்ந்து ‘ரா’ நின்றது. மலையாளமோ வந்தான், வந்தாள், வந்தார் என்னும் ஈறுகளைக் காலப்போக்கில் இழந்து ‘வந்நு’ என்ற ஒரே வடிவோடு அமைந்தது.

ஸ்காண்டிநேவிய மொழிகளிலும் இத்தகைய வரலாறே நிகழ்ந்தது. பழைய நார்சு மொழியின் ‘கோமா’ என்னும் வருதல் வினை, ஐசுலாந்தியத்தில் இடந்தோறும் ஈறு மாறி நிற்க, சுவீடிய, டேனிய மொழிகளில் எல்லா இடத்துக்கும் ‘கொம்மெர்’ என ஒன்றாயிற்று. இச்சொல்லும் வடமொழியின் ‘கம்’ என்னும் வேரும் இலத்தீனத்தின் ‘வெனியோ’வும் ஒரே குடும்பத்தன. ஒலி ஒற்றுமை கண்டு ‘வெனியோ’வையும் நம் ‘வா’வையும் உறவென்பது பிழை. தனியொரு சொல்லின் சாயலன்று, முறைமாறா ஒலித்தொடர்பே உறவுக்குச் சான்று.

எனினும் பெரியோர் பிழையற்றவர் அல்லர். திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைத்த அவர் கருத்தைப் பின்னையோர் ஏற்கவில்லை. நாடார் சமூகம் பற்றி 1849இல் அவர் எழுதிய நூல் அம்மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியது. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816லேயே எடுத்துரைத்த எல்லிசுக்குரிய புகழையும் நாம் மறத்தல் ஆகாது.

1877இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல், 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார்; இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பிய சிலை அவர் புகழ் பாடி நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! அயல்மாநிலத் தொழிலாளியின் பேச்சைக் கேட்டு நகையாடுதல் எளிது. அதனுள் நம் வீட்டுச் சொல் உறைவதைக் கண்டுணர்தலே கல்வி. ‘ரா’ என்றழைப்பவனும் நம்மை ‘வா’ என்றே அழைக்கின்றான்.