மீசை வைத்த தாய்

பள்ளி என்றால் பிள்ளைகள் கற்குமிடம் என்பதே நம் எண்ணம். ஆசிரியரும் பெற்றோரும் அங்கே கற்க வேண்டியவர்களே என்று கருதி, அக்கருத்தைச் செயலிலும் காட்டியவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா.

சௌராஷ்டிரத்தில் சித்தல் என்னும் சிற்றூரில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் பிழைப்பு நாடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். திரும்பி வந்து பம்பாயில் சட்டம் பயின்று வக்கீலானார். 1913இல் மகன் பிறந்தான். குழந்தையை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியும் உடன் பிறந்தது. விடை தேடிய தந்தை, இத்தாலிய அம்மையார் மாண்டிசோரியின் நூல்களைக் கற்றார். ஆம், கிஜுபாயிடம் பயின்ற முதற் பெற்றோர் அவரேதாம்!

1916இல் பாவநகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். வக்கீல் தொழிலைத் துறந்தார். 1920இல் அங்கே குழந்தைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிரம்பே ஆசிரியரின் அடையாளமாக இருந்த காலம் அது. அவர் பள்ளியிலோ அடியும் இல்லை, அச்சமும் இல்லை. கதையும் பாட்டும் ஆட்டமுமே பாடங்கள். மக்கள் அவரை ‘மீசை வைத்த தாய்’ என்று அன்போடு அழைத்தனர்.

ஆனால் ஓர் உண்மை அவருக்கு விளங்கிற்று. அடிபட்டுப் படித்தவர் ஆசிரியரானால், அவர் கையும் பிரம்பையே தேடும். எனவே 1925இல் ஆசிரியர் பயிற்சி நிலையம் கண்டார். குழந்தைகளிடையே இருந்து, அவர்களைக் கவனித்து ஆசிரியர்கள் அங்கே கற்றனர்.

அதுவும் போதுமா? பள்ளியில் அச்சமின்றி இருக்கும் குழந்தை, வீட்டில் அறை வாங்கினால் என்ன பயன்? ஆகவே பெற்றோருக்கென்றே நூல்கள் எழுதினார். தாராபாய் மோடக்குடன் சேர்ந்து கல்விப் பத்திரிகையும் நடத்தினார். அறிவுரையாக மட்டும் சொல்லவில்லை; வீட்டில் அன்றாடம் நடப்பவற்றைக் கதையாக்கிக் காட்டினார். ‘திவாஸ்வப்னம்’ என்ற அவர் நூலில், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பில் புதுமுறையைச் சோதித்துப் பார்க்கிறார். நகைக்கும் சக ஆசிரியர்களும் ஐயுறும் பெற்றோரும் அதில் வருகின்றனர். அவர்கள் மனத்தை மாற்றுவதே குழந்தைகளுக்குக் கற்பிப்பதைவிடக் கடினமாயிருந்தது!

1939ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதைக் காணும் பேறு கிஜுபாய்க்கு இல்லாமற் போயிற்று.

நாளை நம்முள் பலர் ஆசிரியராவோம். இன்னும் பலர் பெற்றோராவோம். பட்டம் பெற்றதும் படிப்பு முடிந்தது என்று எண்ணலாமா? குழந்தையின் முன் நாமும் மாணவரே என்பதுதான் கிஜுபாயின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.