மின்வண்டி கண்ட சீமென்சு

பெர்லின் நகரத் தெருக்களில் டிராம் வண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற காலம் அது. குத்தகை உழவர் ஒருவரின் மகனாக 1816-ஆம் ஆண்டில் பிறந்த வெர்னர் சீமென்சு, கல்லூரியில் பயிலப் பொருளின்மையால் பீரங்கிப் படையிற் சேர்ந்து பொறியியல் கற்றார். 1879-இல் பெர்லினில் நடந்த பொருட்காட்சியில், மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டித்தொடரை மக்களுக்குக் காட்டினார்.

நெருக்கடி மிக்க பிரீட்ரிக் தெருவில் தூண்களை நாட்டி, அவற்றின்மேல் மின்வண்டி ஓட்டவேண்டுமென்பது அவர் அவா. மாடி வீட்டாரோ, வண்டியிற் செல்வோர் தம் அறைகளை எட்டிப் பார்ப்பரே என்று அஞ்சினர். இசைவு கிடைக்கவில்லை. சீமென்சு சோர்ந்திலர், 1881-இல், நகருக்கு அப்பாலிருந்த லிக்டர்பெல்டில் தரைமீதே மின் டிராம் ஓட்டினார். தண்டவாளத்திலேயே மின்சாரம் பாய்ந்தமையால், அதனை மிதித்த குதிரைகள் அதிர்ச்சியுற்றுத் துள்ளின.

1892-இல் அவர் மறைந்தார். அவர் விரும்பிய தூண்வழிப் பாதையை, பெர்லினின் வேறொரு பகுதியில், அவருடைய நிறுவனத்தாரே அமைத்து 1902-இல் திறந்தனர். இன்றும் அதன்மீது வண்டிகள் ஓடுகின்றன.