தபேலாக் கலைஞர் சதுர்லால்

கச்சேரி மேடையில் பாடகருக்குக் கிடைக்கும் கைதட்டலில் பக்கவாத்தியக்காரருக்கும் பங்குண்டு என்பதைத் தமிழ் மக்களாகிய நாம் நெடுங்காலமாகவே ஒப்புக்கொண்டவர்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மிருதங்க வித்வானின் விரல்களையே நோக்கி, தொடையில் தாளமிட்டு அமர்ந்திருப்பது நமது மரபு. ஆனால் வடநாட்டில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. தபேலா வாசிப்பவர் பிரதான கலைஞருக்கு அடங்கி, மாத்திரைகளை எண்ணிக் காட்டுபவராகவே பலகாலம் கருதப்பட்டு வந்தார். அந்நிலை மாறுவதற்கு உழைத்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பண்டித சதுர்லால்.

இராஜஸ்தானத்தின் ஏரி நகரமாகிய உதயப்பூரில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் சதுர்லால் பிறந்தார். இசையே குலச்செல்வமாக வாழ்ந்த குடும்பம் அது. பிற்காலத்தில் சாரங்கி மேதையாய்ப் புகழெய்திய ராம் நாராயண் இவருடைய இளைய சகோதரர். சதுர்லால் முதலில் நாது பிரசாத் என்பவரிடமும், பின்னர் உஸ்தாத் ஹாபிஸ் மியானிடமும் தபேலா பயின்றார்.

நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் சதுர்லால் தில்லி வானொலி நிலையத்தில் சேர்ந்தார். அந்நாளில் அந்நிலையம் வடக்கும் தெற்கும் கைகோத்த ஓர் இசைக்கூடமாக விளங்கியது எனலாம். 1949 முதல் 1956 வரை ரவிசங்கர் அங்குப் பணியாற்றினார். 1952இல் உருவான வாத்திய விருந்தத்தில் அவரோடு இணைந்து நின்றவர் நம்மவரான வயலின் வித்வான் டி. கே. ஜெயராமையர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். நமது தனி ஆவர்த்தன மரபைக் கண்டு மகிழ்ந்த ரவிசங்கர், தமது கச்சேரிகளில் தபேலாவுக்கும் தனி இடம் அளிக்கலானார். அவ்விடத்தை நிரப்பும் ஆற்றல் சதுர்லாலின் விரல்களில் இருந்தது.

1955ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகும். புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெகூதி மெனுகினின் அழைப்பை ஏற்று, சரோத் மேதை அலி அக்பர் கான் நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடத்தில் வாசிக்கச் சென்றார். உடன் சென்ற தபேலாக் கலைஞர் சதுர்லாலே. தொலைக்காட்சியிலும் அவர்கள் தோன்றினர். சிந்துபைரவியும் பீலுவும் அடங்கிய அவர்களது நீண்ட இசைத்தட்டு மெனுகினின் முன்னுரையோடு வெளிவந்தது. பதினாறு மாத்திரைத் தாளம் ஒன்று சுழன்று சென்று சமத்தில் வந்து விழும் இன்பத்தை, அதற்கு முன் அறிந்திராத செவிகள் அன்று முதன்முறையாக அறிந்தன.

மறு ஆண்டு ரவிசங்கரின் மேனாட்டுப் பயணத்திலும் இவரே உடன் வாசித்தார். நார்மன் மக்லாரனும் குளோட் ஜுட்ராவும் கனடாவில் எடுத்த 'எ சேரி டேல்' என்னும் குறும்படம் 1957இல் வெளியாயிற்று. உட்கார வருபவனை உட்காரவிடாமல் ஓடி விளையாடும் ஒரு நாற்காலியின் கதை அது. படத்தில் ஒரு சொல்லும் இல்லை. ரவிசங்கரின் சிதாரும் சதுர்லாலின் தபேலாவுமே அந்நாற்காலியின் பிடிவாதத்துக்கும் ஊடலுக்கும் மொழியாயின. ஆஸ்கார் பரிசுக்கும் அப்படம் முன்மொழியப்பட்டது. அமெரிக்க ஜாஸ் இசையின் பெரும் தாளக்கலைஞரான ஜோ ஜோன்ஸுடனும் சதுர்லால் கலந்து வாசித்தார்.

இத்தகைய கலப்பினால் மரபின் தூய்மை கெடாதோ என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்தை இகழ்ந்து ஒதுக்கிவிடவும் நாம் விரும்பவில்லை. அடித்தளம் இல்லாதவன் பிறர் இசையோடு கலந்தால், இரண்டையும் இழப்பான். சதுர்லாலோ தமது தாளக் கணக்கையும், விரல் எழுப்பும் சொற்களின் தெளிவையும் எவ்விடத்திலும் விட்டுக்கொடுத்தாரல்லர். அயலார்க்கு எளிமையாக எடுத்துக்காட்டினாரேயன்றி, மலிவாக ஆக்கிக் கொடுத்தாரில்லை. வேரூன்றிய மரமே அயல் வீட்டு முற்றத்துக்கும் நிழல் தரும். இதனை அவர் வாழ்வில் நாம் காண்கிறோம்.

1964இல் சகோதரர் இருவரும் ஒன்றாக மேனாடுகளுக்குச் சென்றனர். பக்கவாத்தியமாகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சாரங்கி தனிக்கருவியாய்த் தலைநிமிர்ந்த வேளை அது. ஒரே இல்லத்தில் பிறந்த இரு கலைஞர்கள், தத்தம் கருவிக்கு உரிய மதிப்பைத் தேடித் தந்தவர்களாய் ஒரே மேடையில் அமர்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறு ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், நாற்பதே வயதில் சதுர்லால் மறைந்தார். அண்ணனை இழந்த துயரில் ராம் நாராயண் மேடையேறவும் மனமின்றித் தளர்ந்தார். பின்னர் தேறி, நெடுநாள் வாசித்து, 2024இல் அவரும் மறைந்தார்.

சதுர்லால் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1967இல், அமெரிக்காவின் மான்டரே விழாவில் அல்லா ரக்காவின் தபேலா முழங்கியது. 1970களில் அவர் மைந்தர் ஜாகிர் உசேனும், நமது கடம் வித்வான் விநாயக்ராமும் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாலினுடன் இணைந்து உலகை வலம் வந்தனர். இவர்கள் பெற்ற புகழ் இவர்களது உழைப்பின் பயனே. எனினும் அவ்வழியில் முள்ளகற்றி முன்நடந்தவர்களுள் ஒருவர், அறுவடையைக் காணாமலே சென்றுவிட்டார்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, வேற்று மொழியாரிடையே வாழும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. பிறரோடு கலந்து வாழ்வதற்காக நமது தாளத்தை நாம் மறக்க வேண்டுவதில்லை. நமது தாளத்தைக் காப்பதற்காகப் பிறரிடமிருந்து விலகி நிற்க வேண்டுவதுமில்லை. இனி நமது சங்க மேடையில் பக்கவாத்தியக் கலைஞர் அமரும்போது, அவர் பெயரையும் அழைப்பிதழில் பாடகர் பெயருக்கு நிகரான எழுத்தில் பொறிப்போமாக. சதுர்லாலுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகும்.