மெர்டேக்கா கோப்பை தந்த துங்கு

ஒரு நாடு சுதந்திரம் அடைந்தால் என்ன செய்யும்? கொடி ஏற்றும், அணிவகுப்பு நடத்தும், வாணவேடிக்கை விடும். 1957-ஆம் ஆண்டில் மலேயாவும் இவையெல்லாம் செய்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த தேசங்களுக்கெல்லாம் ஓர் அழைப்பு அனுப்பியது. எங்கள் விழாவுக்கு விருந்தாளியாக வாருங்கள்; வரும்போது உங்கள் கால்பந்து அணியையும் கூட்டி வாருங்கள் என்பதே அந்த அழைப்பின் சாரம்.

அப்படிப் பிறந்ததுதான் மெர்டேக்கா கால்பந்துப் போட்டி. மலாய் மொழியில் மெர்டேக்கா என்றால் சுதந்திரம். ஆசிய தேசிய அணிகள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி, நட்புக்காக ஆடும் வழக்கத்தை இந்தக் கண்டத்தில் நிலைநாட்டியது அந்தப் போட்டியே. அதற்குக் காரணமாக இருந்தவர் மலேயாவின் முதல் பிரதம மந்திரி துங்கு அப்துல் ரஹ்மான்.

தோளில் சென்ற சிறுவன்

துங்கு என்பது இளவரசர்களுக்குரிய பட்டம். கெடா நாட்டு சுல்தான் அப்துல் ஹமீதின் இருபதாவது குழந்தையாக, 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி அலோர் ஸ்டார் நகரில் அவர் பிறந்தார். தாயார் சயாம் தேசத்துப் பெண்மணி. அரண்மனைப் பிள்ளையின் கால் தெருப்புழுதியில் படக்கூடாதென்று, வேலையாள் ஒருவன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவானாம். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்வார்கள். சிறுவனுக்கோ இறங்கி அவர்களோடு ஓடி விளையாட ஆசை.

கொஞ்ச காலம் பாங்காக்கில் படிப்பு. பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். அங்கே சீனர், இந்தியர், மலாய்க்காரர், யுரேஷியர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அரண்மனைக்கு வெளியே உலகம் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் பள்ளியே அவருக்குக் காட்டியது.

1920-ல் கெடா அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் செயிண்ட் காதரின் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி விடுதியில் ஆசியர் என்பதற்காக இடம் மறுக்கப்பட்டதாகவும், இளவரசர் என்று தெரிந்த பிறகு இடம் தர முன்வந்தபோது அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் கூறுவார்கள். நிறபேதத்தின் மீது அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த வெறுப்பு அங்கே வேர்விட்டது.

படிப்பில் அவர் பெரிய சூரர் அல்ல. குதிரைப் பந்தயமும், வேகமான காரும், நண்பர் கூட்டமும் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டன. பி.ஏ. பட்டம் வந்தது, பாரிஸ்டர் பட்டம் வரவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பி, கெடா அரசுப் பணியில் அமர்ந்தார்.

சதுப்பு நிலமும் சோகமும்

ஜில்லா அதிகாரியாகக் காட்டோரத்துக் கோலா நெராங்கில் இருந்தபோது, ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலம் மலேரியாவை வளர்த்தது. அதை வடிக்கப் பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார், பணம் வரவில்லை. இரண்டு குழந்தைகளைப் பெற்றுத் தந்த அவருடைய மனைவி மரியமே அந்தக் காய்ச்சலுக்குப் பலியானார். உல்லாச இளவரசர் என்று பெயர் வாங்கியவரை அந்த மரணம் உலுக்கிவிட்டது. கிராமத்து ஜனங்களின் கஷ்டம் இன்னதென்று அவர் தம் வீட்டிலேயே கண்டார்.

யுத்தம் முடிந்ததும் மறுபடி லண்டன். விட்டுப்போன பாரிஸ்டர் பரீட்சையில் 1949-ல் தேறினார். அப்போது அவருக்கு வயது 46! கூடப் படித்தவர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும் வயதில் அவருடைய பொது வாழ்வு தொடங்கியது.

1951-ல் அம்னோ என்னும் மலாய்க்காரர் கட்சிக்குத் தலைவரானார். கட்சியில் பணம் இல்லை. தம்முடைய சொத்தை விற்றுக் கட்சியை நடத்தினார். அதே ஆண்டில் மலேயாக் கால்பந்துச் சங்கத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. இரண்டையும் அவர் சேர்த்தே சுமந்தார். சங்கத் தலைமையை 1974 வரை விடவில்லை.

மூன்று இனம், ஒரு பந்து

அந்நாளைய மலேயாவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வயல்களிலும் கடலோரக் கம்பங்களிலும் மலாய்க்காரர். ஈயச் சுரங்கங்களிலும் கடைவீதிகளிலும் சீனர். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவும் தமிழர். ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் சண்டை வேறு. இந்த மூன்று இனமும் ஒன்றாக நிற்க முடியும் என்று காட்டினாலொழிய சுதந்திரம் தரமாட்டோம் என்பது பிரிட்டிஷாரின் நிலை.

துங்கு காட்டினார். சீனர் சங்கத்தையும், இந்தியர் காங்கிரஸையும் தம் கட்சியோடு சேர்த்துக் கூட்டணி அமைத்தார். 1955-ஆம் ஆண்டுத் தேர்தலில் 52 இடங்களில் 51 இடம் கூட்டணிக்கே கிடைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரும், மலேயா இந்தியர் காங்கிரஸின் தலைவருமான வீ. தி. சம்பந்தன் அவருடைய மந்திரிசபையில் இடம் பெற்றார். லண்டனில் சுதந்திர ஒப்பந்தம் 1956 பிப்ரவரி 8-ல் கையெழுத்தானது. துங்குவுக்கு அன்று 53-வது பிறந்த நாள்.

மேடையில் மூன்று இனத் தலைவர்கள் கைகோத்து நிற்பது ஒன்று. தெருவில் மூன்று இன ஜனங்கள் சேர்ந்து நிற்பது வேறொன்று. மலேயாவில் எல்லா இனத்தாரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் சேர்ந்து கத்தும் இடம் கால்பந்து மைதானம்தான். கம்பத்துப் பையனும், கடைக்காரர் மகனும், தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடிய தமிழ்ப் பிள்ளையும் ஒரே சட்டை போட்டுக்கொண்டால், பார்க்கிறவன் இனத்தைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்க்கிறான். துங்கு இதை நன்றாக உணர்ந்திருந்தார்.

மழையில் விடிந்த நாள்

சுதந்திரப் பிரகடனத்துக்கென்றே கோலாலம்பூரில் ஒரு மைதானம் கட்டப்பட்டது. ஏறக்குறைய 20,000 பேர் அமரக்கூடிய மெர்டேக்கா ஸ்டேடியத்தை 1957 ஆகஸ்ட் 30-ல் துங்கு திறந்து வைத்தார். மறுநாள் அதிகாலை மழை கொட்டியது. விழா சற்றுத் தாமதப்பட்டது. மழை விட்டதும் பிரகடனத்தை வாசித்த துங்கு, கையை உயர்த்தி மெர்டேக்கா என்று ஏழு முறை முழங்கினார். நிறைந்திருந்த கூட்டம் ஏழு முறையும் திருப்பி முழங்கியது.

அந்தக் கோஷம் அடங்கிய சில நாட்களிலேயே அதே மைதானத்தில் பந்து உருண்டது. முதலாவது மெர்டேக்கா கோப்பையை ஹாங்காங் தட்டிச் சென்றது, இந்தோனேஷியா இரண்டாவது. விருந்து வைத்த மலேயாவுக்குக் கோப்பை இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை மாறியது. 1958, 1959 இரண்டு ஆண்டும் மலேயாவே வென்றது. 1960-ல் தென் கொரியாவோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. கனி மின்ஹாத் என்ற ஆட்டக்காரரின் பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்தது. தனபாலன் என்னும் தமிழர் முன்னணி ஆட்டக்காரராகப் பின்னாளில் புகழ் பெற்றார்.

கோப்பையை விடப் பெரியது

இப்போட்டியின் அருமையை அறிய அந்தக் கால ஆசியாவின் நிலைமை தெரிய வேண்டும். ஆசியக் கால்பந்து சம்மேளனம் 1954-ல்தான் மணிலாவில் தோன்றியது. ஆசிய விளையாட்டும் ஆசியக் கோப்பையும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. உலகக் கோப்பையின் வாசலோ ஊசிக்கண் போன்றது. 1966 போட்டிக்குக்கூட ஆசியா, ஆப்பிரிக்கா, ஓஷியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கினார்கள்! அதைப் பொறுக்காமல் ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகிவிட்டன. கடைசியில் அந்த இடத்தைப் பெற்ற வட கொரியா இங்கிலாந்துக்குப் போய் இத்தாலியைத் தோற்கடித்தது வேறு கதை.

வெளிநாட்டு அணிகளோடு ஆடாமல் ஆட்டம் எப்படி வளரும்? அந்தக் குறையைத்தான் மெர்டேக்கா தீர்த்தது. தகுதிச் சுற்று கிடையாது. தோற்றால் தேசமானம் போய்விடும் என்ற பதற்றமும் குறைவு. அழைப்பு வந்தால் போதும், ஆடலாம். ஜப்பான், தென் கொரியா, பர்மா, தைவான், தாய்லாந்து, பாகிஸ்தான், தென் வியட்நாம் என்று அணிகள் வந்தன. 1963-ல் இரண்டாவதாக நின்ற ஜப்பான், ஐந்தே ஆண்டுகளில் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1959-ல் இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. 1964-ல் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த முறை கோப்பை பர்மாவுக்கு. 1970-ல் மூன்றாம் இடம்.

மெர்டேக்காவைப் பார்த்து அண்டை நாடுகளும் தொடங்கின. தாய்லாந்தின் மன்னர் கோப்பை 1968-லும், ஜகார்த்தா நகரப் போட்டி 1970-லும், தென் கொரிய அதிபர் பெயரில் சியோல் போட்டி 1971-லும் பிறந்தன. பிற்காலத்தில் கோலாலம்பூருக்கே தென் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அணிகள் விமானம் ஏறி வந்தன.

1958-ல் ஆசியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைமை துங்குவைத் தேடி வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். ஒரு தேசத்தின் பிரதமர் ஒரு கண்டத்தின் கால்பந்துக்கும் தலைவராக இருந்தது அபூர்வம். 1959-ல் ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டியும் மலேயாவிலேயே தொடங்கியது. சம்மேளனத்தின் தலைமை அலுவலகமும் பின்னர் மலேசியாவுக்கே வந்தது.

பந்துக்கு எட்டாத பகை

விளையாட்டால் எல்லாப் பகையும் தீர்ந்துவிடும் என்றால் உலகத்தில் சேனைகளே வேண்டாம். 1961, 1962 இரண்டு ஆண்டும் மெர்டேக்கா கோப்பையை வென்றது இந்தோனேஷியா. 1963-ல் சபா, சரவாக், சிங்கப்பூரைச் சேர்த்து மலேசியா உருவானதும், அதே இந்தோனேஷியா எதிரியாக மாறியது. எல்லையில் துப்பாக்கி வெடித்தது. நேற்றுக் கோப்பை வாங்கிப்போன விருந்தாளி இன்று வாசற்படி மிதிக்கவில்லை. 1966-ல்தான் சமாதானம் வந்தது.

நிறவெறி விஷயத்தில் துங்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் தென் ஆப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து முன்னணியில் நின்றார். 1961-ல் அந்நாடு காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் உலகக் கால்பந்து சம்மேளனமும் அதை விலக்கி வைத்தது.

எல்லாவற்றிலும் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. 1969 மே 10-ல் நடந்த தேர்தலில் கூட்டணிக்குச் சரிவு. மூன்று நாள் கழித்து, மே 13-ல், கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டது. அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் மாண்டார்கள். எந்த நகரத்தில் மூன்று இனமும் ஏழு முறை ஒரே குரலில் முழங்கினவோ, அந்த நகரத்தின் தெருக்களில் ஊரடங்கு. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துங்குவின் மனம் உடைந்தது. சீனர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார் என்று தம் கட்சிக்குள்ளேயே பழி கேட்டார்.

அந்த ஆண்டிலும் மெர்டேக்காப் போட்டி நிற்கவில்லை. பகைவராயிருந்த இந்தோனேஷியர் திரும்பி வந்து ஆடினார்கள். கோப்பையையும் வென்றார்கள், மலேசியா இரண்டாவது. கலவரத்தின் வடு ஆறாத நகரத்தில் ஜனங்கள் மறுபடி ஒரே மைதானத்தில் கூடினார்கள். 1970 செப்டம்பரில் துங்கு பிரதமர் பதவியை விட்டார். கால்பந்தை விடவில்லை.

மியூனிக் வரை

அவர் விதைத்தது 1971-ல் பலித்தது. மியூனிக் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி சியோலில் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய தென் கொரியாவை மலேசியா 1-0 என்று வீழ்த்தியது. தலையால் முட்டிக் கோல் போட்டவர் சையத் அகமது. 1972-ல் மியூனிக் சென்ற அணியில் மலாய்க்காரர்களோடு சோ சின் ஆன் என்ற சீனரும், எம். சந்திரன் என்ற தமிழரும் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோல்வி. ஆனால் அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். மே கலவரம் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசியல் மேடையில் உடைந்த கூட்டணி, ஆட்டக்களத்தில் உடையாமல் நின்றது.

கடைசிக் காலத்தைத் துங்கு பெரும்பாலும் பினாங்கில் கழித்தார். பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். தம் கட்சியின் பின்வந்த தலைவர்களைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. 1990 டிசம்பர் 6-ல், 87-வது வயதில் காலமானார். அலோர் ஸ்டாரில் முன்னோர்களின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மெர்டேக்காப் போட்டிக்கும் வயதாகிவிட்டது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளும், ஆண்டு முழுவதும் ஓடும் லீக் ஆட்டங்களும் பெருகியபின் நட்புப் போட்டிக்கு நேரம் ஏது? 2013-க்குப் பின் பத்து ஆண்டுகள் அது நடக்கவேயில்லை. 2023-ல் மீண்டும் உயிர் பெற்றது. இந்தியா, பாலஸ்தீனம், தஜிகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு அழைப்பு போயிற்று. தஜிகிஸ்தான் வென்றது. 2024-ல் மலேசியாவே கோப்பையைக் கைப்பற்றியது.

வேலையாள் தோளில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன பிள்ளை, கடைசி வரை மற்றவர்களோடு கலந்து நிற்கவே ஆசைப்பட்டார். ஒரு பந்தால் எல்லாப் பிணக்கும் தீராது என்பதை 1969 அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் பிணங்கியவர்கள் திரும்பி வந்து சந்திக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தைத் தம் தேசத்துக்கும் அக்கம்பக்கத்துத் தேசங்களுக்கும் ஏற்படுத்திக் கொடுத்தவர் துங்கு.