இரண்டாம் தூதைக் கண்ட ஏர்ல் சதர்லாண்டு

தூது என்பது தமிழில் தனியொரு சிற்றிலக்கிய வகை. வள்ளுவப் பெருந்தகையும் தூதுக்கெனத் தனியதிகாரம் வகுத்துள்ளார். கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தூதுவிடுத்த புலவர்களை நாம் வகுப்பறையில் நாள்தோறும் பயிற்றுவிக்கிறோம். நம் உடலின் உயிரணுக்களிலும் இடையறாத தூதுப்பணி நடைபெறுகின்றது. அத்தூதை முதன்முதல் இனங்கண்ட அறிஞரின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

ஏர்ல் வில்பர் சதர்லாண்டு, 1915ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் பர்லிங்கேம் என்னும் சிற்றூரில் பிறந்தார். மக்கள் அறுவருள் ஐந்தாமவர். தந்தையார் உழவுத்தொழில் செய்து, பின்னர் அவ்வூரில் கடை நடத்தியவர். பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய காலத்தில், 1933இல் டொபீகா நகரின் வாஷ்பர்ன் கல்லூரியில் சேர்ந்த சதர்லாண்டு, மருத்துவமனையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1937இல் பட்டம் பெற்றார். 1942இல் செயிண்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் படைமருத்துவராகப் பணியாற்றி 1945இல் அவர் திரும்பியபோது, மருத்துவத்தொழிலா, ஆய்வா என்னும் இருவழிகள் முன்னின்றன. நோபல் பரிசு பெற்ற கார்ல் கோரியின் நட்பும் நெறியும் அவரை ஆய்வின்பால் ஈர்த்தன.

அவர் எடுத்துக்கொண்ட வினா எளியது. அச்சமுற்ற வேளையில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் குருதியில் கலக்கிறது. உடனே கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் சர்க்கரையாகி வெளிவருகிறது. இஃது எங்ஙனம் நிகழ்கிறது? ஹார்மோன்கள் முழுமையான உயிரணுவில் மட்டுமே செயற்படும், அணுவை உடைத்துவிட்டால் விளைவு நிகழாது என்பதே அக்காலத்தில் பரவலான எண்ணம்.

1953இல் சதர்லாண்டு கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத்தலைவரானார். கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்பாரிலேஸ் என்னும் நொதியின்மீது பாஸ்பேட்டு ஏறினால் அது விழித்தெழுகிறது; பாஸ்பேட்டு நீங்கினால் ஓய்கிறது என்று அவரும் உடனுழைத்தோரும் கண்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் சியாட்டில் நகரில் எட்வின் கிரெப்சும் எட்மண்ட் பிஷரும் தசையில் இவ்வுண்மையைக் கண்டறிந்தனர்.

அடுத்து, தியோடர் ராலுடன் சேர்ந்து கல்லீரல் அணுக்களை உடைத்தே சோதித்தார். உடைந்த கலவையிலும் ஹார்மோன் வேலை செய்தது! அணுச்சவ்வின் துகள்களை நீக்கியபோது அவ்விளைவு மறைந்தது. துகள்களைத் தனியே ஹார்மோனுடனும் ஏ.டி.பி.யுடனும் சேர்த்து, அதில் விளைந்த பொருளை எஞ்சிய நீர்மத்தில் இட்டபோது மீண்டும் விளைவு தோன்றியது. அப்பொருள் கொதிக்க வைத்தாலும் கெடவில்லை. எனவே அது புரதமன்று, சிறு மூலக்கூறு எனத் தெளிந்தார். டேவிட் லிப்கின் என்னும் வேதியியலாரும் வேறொரு வழியில் அதே பொருளைப் பெற்றிருந்தார். இருவரும் தனித்தனியே லியான் ஹெப்பல் என்பவருக்கு மடல் எழுத, இரண்டும் ஒன்றே என அவர் உணர்ந்தார். அதுவே வளைய ஏ.எம்.பி.

ஹார்மோன் முதல் தூது. அது வாயிலில் நின்றுவிடும். அதன் செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் வளைய ஏ.எம்.பி. இரண்டாம் தூது. பல்வேறு ஹார்மோன்களின் செயல்களை ஒரே சிறு பொருள் எவ்வாறு நிறைவேற்றும் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். வாயிலில் செய்தியை ஏற்கும் அமைப்பு அணுவுக்கு அணு வேறுபடும். உள்ளே அதைக் கேட்டுச் செயற்படும் புரதங்களும் வேறுபடும் என்பதே விடை. 1963இல் துறைத்தலைமையை விடுத்து, முழுநேர ஆய்வை நாடி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் சென்றார். 1971இல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. 1973இல் மயாமி பல்கலைக்கழகத்திற்கு மாறிய அவர், 1974ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், 58ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் தொடங்கிய கதை உயிரணுவின் உட்கருவரை நீண்டது. வளைய ஏ.எம்.பி.யால் இயங்கும் புரத கைனேஸ் என்னும் நொதியைக் கிரெப்சு குழுவினர் 1968இல் கண்டறிந்தனர். இந்நொதியில் காவற்பகுதிகள் இரண்டு, வினைப்பகுதிகள் இரண்டு. வளைய ஏ.எம்.பி. காவற்பகுதியோடு இணைந்ததும் வினைப்பகுதி விடுபடுகிறது. அதில் ஒரு பங்கு உட்கருவினுள் புகுந்து, கிரெப் என்னும் புரதத்தின் 133ஆம் இடத்திலுள்ள செரீனில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவ்வளவில் உறங்கியிருந்த மரபணுக்கள் செயற்படத் தொடங்குகின்றன. பணி முடிந்ததும் வேறு நொதிகள் அந்தப் பாஸ்பேட்டை அகற்றிவிடும். நீண்டகால நினைவு உருவாவதிலும் இவ்வழிக்குப் பங்குண்டு. அதனை ஆய்ந்த எரிக் காண்டல் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

தூது அளவு மீறினால் கேடும் விளையும். காலராக் கிருமியின் நஞ்சு குடலணுக்களில் வளைய ஏ.எம்.பி.யைக் கட்டின்றிப் பெருக்குகிறது; அதனாலேயே உடலின் நீரும் உப்பும் வெளியேறி, உரிய மருத்துவம் கிட்டாதவர் உயிரிழக்க நேர்கிறது. கல்லீரலின் சர்க்கரை பற்றிய ஆய்வு, கொடுநோயின் சூழ்ச்சியையும் விளங்க வைத்தது.

உடனடிப் பயனை மட்டும் நோக்கிக் கல்வியை அளக்கும் போக்கு நம்மிடையே பெருகிவருகிறது. ஒரே வினாவை ஆண்டுக்கணக்கில் பற்றி நின்று, உலகம் இயலாதென்றதைச் சோதித்துப் பார்த்த சதர்லாண்டின் வாழ்வை நம் மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய வரலாறுகளைத் தெளிந்த தமிழில் தருவது தமிழாசிரியராகிய நம் கடமையுமாகும்.