இராமலிங்க அடிகளின் பிள்ளைப் பருவம்

நம் மரபிலே தோன்றிய பெரியோருள் இராமலிங்க அடிகளை அறியாதார் இலர். சாதி பேதங்களை அறவே மறுத்த அப்பெருமானைக் குலப்பெருமை பேசுதற்பொருட்டு ஈண்டு எடுத்தோமல்லோம். அவர்தம் இளமை வரலாறு, மக்களை வளர்க்கும் நமக்குப் பாடமாதலின் அதனைச் சிறிது சிந்திப்பாம்.

அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாய்ப் பிறந்தார். சில மாதங்களில் தந்தையார் காலமாகவே, அன்னையார் மக்களுடன் நம் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துக்கு வந்து, பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியிற் குடியேறினார்.

குடும்ப பாரம் மூத்த தமையனார் சபாபதி பிள்ளைமேல் விழுந்தது. புராணப் பிரசங்கம் செய்து குடும்பம் காத்த அவர், தம்பியும் கற்று மேம்பட வேண்டுமென விரும்பியது இயல்பே. தம்பியாரோ பாடத்தை விடுத்துக் கந்தகோட்டத்தையே நாடினார். தமையனார் கண்டித்தார். அதனாற் பயனில்லாமை கண்டு, அன்னமிடலாகாதென மனைவியார்க்கு ஆணையிட்டார் என்பது சரித்திரம். பட்டினியாற் சிறுவர் திருந்தினாரல்லர்; வீட்டை விட்டு விலகியே திரிந்தார்.

அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் கணவர் அறியாமல் உணவளித்து வந்தார். ஒரு திதி நாளில், உற்றார் எல்லாரும் உண்டு சென்றபின் மறைவாக வந்துண்ணும் மைத்துனரைக் கண்டு மனம் பொறாது கண்ணீர் வடித்து, படிக்கும்படி வேண்டிக்கொண்டார். ஆணைக்கு இணங்காதவர் அக்கண்ணீருக்கு இணங்கினார். தனி அறை வேண்டினார், அதுவும் கிடைத்தது. அங்கே கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தியானித்திருக்கையில், நம் பக்கத்துத் திருத்தணிகை முருகன் காட்சி கிடைத்ததென்பர். அருகிருந்து காவல் செய்தார் ஒருவருமிலர்.

தமையனார் நோயுற்ற ஒரு நாள், சோமு செட்டியார் இல்லத்துப் பெரியபுராணப் பிரசங்கத்திற்குத் தம்பியாரை அனுப்பினார். சில பாடல்கள் மட்டும் பாடி வரச் சென்ற ஒன்பது வயதுச் சிறுவர், நெடுநேரம் விரித்துரைத்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். தம்பியாரின் தகுதியைத் தமையனார் அன்றே உணர்ந்தார்.

பசியின் கொடுமையைப் பிள்ளைமையிலேயே அறிந்த அடிகள், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்திற் சித்தி பெற்றார். தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது.

மக்களைக் கண்டியாது விடுக என்பது இதன் கருத்தன்று. தமையனார் கொண்ட நோக்கம் நன்றே, வழியே தவறிற்று. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்த் தொழிற்சாலைகளில் உழைத்துக் களைத்துச் செவ்வாப்பேட்டைக்குத் திரும்பும் நம்மவர், மதிப்பெண் குறைந்த மகனைச் சினந்து நோக்குங்கால் அவ்வண்ணியாரை நினைத்தல் நன்று. எதை மறுப்பினும் பிள்ளைக்கு உணவையும் அன்பையும் மறுத்தலாகாது. அவற்றை முன்னர் அளித்துப் பின்னர் அறிவுரை கூறுமிடத்து, அச்சொல் பிள்ளையின் செவியில் ஏறும்.